புற்றின் உயரம்

பக்கத்துப் புற்று நான்கு விரல் உயர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து தலைமைக் கரையானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே மண் காய்ந்து கிடந்ததால், அடிச்சுவரைச் சுரண்டி உச்சியில் பூசச் சொன்னது.

மண் சுமந்த கரையான் தயங்கி நின்றது. "ஐயா, கீழே நடந்தாலே சுவர் ஆடுது. மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

"உயரம் கூடியிருக்கா இல்லையா?"

"கூடியிருக்குங்க."

"அப்புறம் என்ன? நாம வளர்றோம்னு எல்லாருக்கும் போய்ச் சொல்லு."

அதுவும் அறை அறையாகப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பியது. தூரத்தில் இடி இடித்தது. தலைமைக் கரையான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது.

"நேத்து உன் பிள்ளைங்களைத் தூக்கிட்டு வெளியே போனியே, அங்கே இன்னும் இடம் இருக்கா?"