பின் டயரில் ஒரு சத்தம்

கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினால் எம்.ஆர்.ஐ. மெஷினை நிறுத்திவிடுவார்கள். செத்தாலும் அமுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார் பஸ் டிரைவர்.

நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். வாயைத் திறந்து சொல்ல வேண்டிவரும்.

படுப்பதற்கு முன் இரண்டு தடவை ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் வந்தார். பாழாய்ப்போன அடிவயிறு அதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, கெட்ட வியாதியாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். எவ்வளவு பெரிதென்று படத்தில் அளந்துவிட்டால், மாத்திரையா ஆபரேஷனா என்று முடிவு செய்துவிடலாமாம்.

வியாதிகூடப் பரவாயில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். மனைவியைத் தவிர ஒருவரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

ஆறு மாதமாக அவரைக் காப்பாற்றி வந்தது அதிர்ஷ்டம்தான். காலை ஏழு மணி பஸ்ஸில் பாதி வழி தாண்டும்போது அடிவயிறு முட்டும். சரியாக அந்த வளைவில், பின் டயரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வரும்.

சாலையை விட்டுக் கண்ணை எடுக்காதவர், திரும்பி அந்த முகத்தைப் பார்த்ததில்லை. இல்லாத சத்தமெல்லாம் இவர்களுக்குத்தான் கேட்கும் என்று சலித்துக்கொண்டே பஸ்ஸை ஓரம் கட்டுவார். உள்ளுக்குள் அந்த மகராசியைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

இறங்கி, டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு, அப்படியே புதர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வருவார். டயருக்கு ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை. நேரமாகிறது என்று எந்தப் பயணியும் முணுமுணுத்ததுமில்லை.

மெஷின் தடதடவென்று தலையில் கொட்டியது. தாங்க முடியாமல் கண்ணை மூடி, தன் வழித்தடத்தை மனதுக்குள் ஓட்டினார்.

பள்ளிக்கூடம். பாலம். மரக்கடை.

அய்யோ, அடுத்தது அந்த வளைவு! வலது கால் தன்னையறியாமல் பிரேக்கைத் தேடியது.

தடதடப்பு நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படம் எடுப்பது யாரென்று அவர் கவனிக்கவே இல்லை. ஹெட்போனில் இப்போதுதான் முதல் தடவையாகக் குரல் வந்தது.

"அண்ணே, பின் டயர்ல ஏதோ சத்தம் கேக்குற மாதிரி இருக்கு. கொஞ்சம் நிறுத்திக்கலாமா?"

டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கும்பிடலாம் என்றால் குழாய்க்குள் கையைத் தூக்க இடமில்லை.

பந்தை அமுக்கினார்.