மிளகின் வயிற்று முடி

எங்கள் பூனை மிளகுக்கு முடி கொட்டத் தொடங்கியது மழைக்கு முன்பா பின்பா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. வயிற்றை நக்கி நக்கியே அது மொட்டையாக்கிக்கொண்டது.

பூஞ்சையும் இல்லை, உண்ணியும் இல்லை, பயம்தான் என்றார் டாக்டர். அதன் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டினார். அது யாரைக் கண்டு மிரள்கிறதோ அவர் பெயரைப் பட்டை சொல்லும். அடுத்த பரிசோதனைக்குள் முடி வளராவிட்டால் பூனையை விலங்குக் காப்பகம் எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

சாம்பாரில் உப்பு கூடிப்போன அன்று என் கணவரின் தட்டு சுவரில் மோதித் தெறித்தது. "திருமாறன்," என்றது பட்டை. அவர் வெலவெலத்துப் போனார். மிளகு அவருக்கு உயிர்.

அதன்பின் அவர் கத்தவில்லை. சோறு குழைந்தபோதும் பேசாமல் சாப்பிட்டார். அந்த அமைதியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே நடமாடினேன்.

பரிசோதனையில் மிளகின் வயிறெங்கும் புது முடி. டாக்டர் பட்டையைக் கழற்றினார்.

"எம்புள்ளைக்காக ஒரு வார்த்தை சத்தமாப் பேசல டாக்டர்," என்று திருமாறன் சிரித்தார். "வேணும்னா கோதைகிட்ட கேளுங்க."

"ஆமா டாக்டர்," என்றேன். பிறகு அவரிடம் திரும்பினேன். "கோபம் என் சுபாவம், மாத்த முடியாதுன்னு எங்கிட்ட சொன்னீங்களேங்க?"

அவர் சிரிப்பு நின்றது.

"வீட்டுக்கு வாடி, பேசிக்கலாம்," என்றார் மெதுவாக.

நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. மிளகும் நானும் என் அக்காவோடு இருக்கிறோம். திருமாறன் அங்கே தனியாக இருக்கிறார்.