காயப் புள்ளி

“மாப்பிள்ளைகிட்டகூடச் சொல்லிடாத, தாமரை. அன்னைக்கு காரைப் பின்னால எடுத்தது டிரைவர் இல்ல, நான்தான். எம்புள்ள மேல நானேதான் ஏத்திட்டேன்.”

“என்னோட போகும்ண்ணே” என்று போனில் வாக்குக் கொடுத்தாள் தாமரைச்செல்வி. விவாதத்தில் கணவனுக்குக் குறிப்புச் சொல்ல, அவன் கட்சி அவர்கள் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருந்த கருவிக்கும் காது உண்டு என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இன்று டிவியில் குடிநீர்க் கட்டண விவாதம். எதிரெதிர்க் கட்சிகளுக்காக அண்ணனும் அவள் கணவன் மதிவாணனும் பேசினார்கள். எதிராளியின் நாடித்துடிப்பு எகிற எகிறப் பேசுகிறவருக்குப் புள்ளி ஏறும். மதிவாணனின் காதில் அந்தக் கருவியின் குரல் எதையோ ஓதியது.

“பெத்த புள்ளைய கார் ஏத்திக் கொன்னவரு, ஊருக்குத் தண்ணி தர்றாராம்!”

அண்ணன் கேமராவைப் பார்த்து, “தாமரை, நீயா?” என்றார். திரையில் மதிவாணனின் புள்ளிகள் மளமளவென்று ஏறின.

மதிவாணன் அல்வாப் பொட்டலத்தோடு வந்தான். “உங்கண்ணன் மூஞ்சியப் பாத்தியா? இனி எனக்குத்தான் சீட்டு!”

கட்சிக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று, அண்ணன் குழந்தையின் சாவுக்குப் போகக்கூடக் கேட்காமல் அடக்கிவைத்திருந்ததை இப்போது கேட்டாள்.

“என்னை அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க.”