உடும்புப்பிடி

ஜொய்சி ஒன்றை நினைத்துவிட்டால் உடும்புப்பிடிதான். துறைமுக வேலை முடிந்து மைக்கல் வீடு வந்தபோது, முன்னறையில் ஒரு கம்பிவலைக் கூடு. உள்ளே விரல் நீளப் பச்சோந்திக் குஞ்சு. மேலே புறஊதாக் கதிர் தரும் யூவிபி விளக்கைப் பூட்டிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஜொய்சி.

"உந்தக் கூட்டை யன்னலடியில வைச்சா வெயில் படும்தானே?" என்றான், ஜாக்கெட்டைக் கழற்றாமலே.

"எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி மறிச்சுப்போடும்." வெப்பமானியைப் பார்த்தாள். "விளக்கடியில இருபத்தொன்பது, சரி. அறைதான் பதினாறு. குறைஞ்சது இருபத்திரண்டு வேணும்."

உடனே வாடகை வீட்டின் சொந்தக்காரனுக்குப் போன் போட்டாள். "அறை பதினாறு பாகை. குஞ்சு தாங்காது."

அரை மணித்தியாலத்தில் வீட்டுக்காரன் ஆளோடு ஓடிவந்து ஹீட்டரைத் திருத்திவிட்டுப் போனான்.

மைக்கலுக்கு நம்ப முடியவில்லை. "மூண்டு வருசமாக் கத்தினம். பிள்ளையளுக்குக் காய்ச்சல் எண்டேக்கையும் வராதவன், உன்ர பச்சோந்திக்கு வாறானோ?"

"ஆர் சொன்னது என்ர எண்டு? அது அவன்ர மகளின்ர. அவை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கினம். மணம் குஞ்சுக்குக் கூடாது, நான் பாக்கிறன் எண்டு கேட்டு வாங்கினனான்."

கூட்டை மெல்லச் சாத்தினாள்.

"பெயின்ட் காய இன்னும் ஒரு கிழமை இருக்கு. குசினிக் குழாய் ஒழுகிறதை நாளைக்குச் சொல்லுவம்."