நாற்காலியில் பிசாசு

"இன்னும் நாலு போடுங்க ஐயா. பாவம் பார்த்தா வேலைக்கு ஆகாது" என்றார் கிழிந்த சட்டைக்காரர். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேய்விரட்டி பிரம்பை ஓங்கினார். நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தவனின் தோளில் அது சுளீரென்று இறங்கியது. வாயில் திணித்திருந்த துணியையும் மீறி ஒரு சத்தம் வந்தது.

"கேட்டீங்களா? மனுஷன் குரலா இது?"

"இல்லவே இல்லங்க."

பேய்விரட்டிக்கு இதில் இருபது வருடப் பழக்கம். பிள்ளையைக் குட்டிச்சாத்தான் என்று கொஞ்சுகிற வீட்டில் நிஜமாகவே ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் அப்படித்தான் ஒரு பெண் போனில் அழுதாள்.

"என் வீட்டுக்காரரை எப்படியாவது உயிரோட மீட்டுக் கொடுங்க ஐயா. நேத்து என் கையைப் பிடிச்சு அடுப்புல வெச்சுட்டார். பெத்த பிள்ளையோட கழுத்தை நெரிக்கப் போனார். அது அவரே இல்லீங்க."

"நான் வர்றதுக்குள்ள அவரை நாற்காலியில கட்டிப் போடணும். முக்கியமா வாயைக் கட்டணும். வாயைத் திறக்க விட்டா அது கெஞ்சும், குழையும், நம்மளையே நம்ப வெச்சிடும்."

"அவரோட அண்ணன் வந்திருக்கார், அவர் பார்த்துக்குவார். நான் பிள்ளைங்களை அம்மா வீட்டுல விட்டுட்டு ஓடி வந்துடறேன்."

பேய்விரட்டி வந்தபோது சொன்னபடியே எல்லாம் தயாராக இருந்தது. சாப்பாட்டு மேசை கவிழ்ந்து, தரையெல்லாம் தட்டுகள் உடைந்து கிடந்தன. கதவைத் திறந்தவரின் சட்டை மார்பு வரை கிழிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது.

"கட்டுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சுங்க" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். அந்த நிலைமையிலும் பேய்விரட்டிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார், காலில் சில்லு குத்திவிடும் என்று தரையைப் பெருக்கி வழிவிட்டார். உடன்பிறப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேய்விரட்டிக்கு மனசு இளகிப் போனது.

அந்த இளக்கம் பிரம்புக்கு வரவில்லை.

"போறியா, மாட்டியா?"

கட்டப்பட்டவன் வேகமாகத் தலையை ஆட்டினான்.

"நடிக்குது" என்று ஐந்து அடி.

"அப்ப போக மாட்டே?"

இல்லை, இல்லை என்று அவன் தலையை அசைத்தான்.

"திமிரைப் பாருங்க" என்று பத்து அடி. இரண்டையும் விட்டால் தலையால் செய்ய வேறென்ன இருக்கிறது? பாவம், அவன் சும்மா இருந்தும் பார்த்தான். அதற்கும் விழுந்தது.

சட்டை முதுகில் ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்தபோது, தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு வரிசைப் பல் ஆழமாகப் பதிந்திருப்பது தெரிந்தது.

"பார்த்தீங்களா, தன்னைத்தானே கடிச்சிருக்கு."

"அங்க எப்படிங்க எட்டும்?" என்று கேட்டார் கிழிந்த சட்டைக்காரர்.

"கழுத்து பம்பரமா சுத்துமே. படத்துல பார்த்ததில்லையா நீங்க?"

பேய்விரட்டியும் படத்தில்தான் பார்த்திருந்தார். இருபது வருடத்தில் ஒரு கழுத்துகூட அவர் முன்னால் சுற்றியதில்லை. தொழில் என்று வந்த பிறகு அதையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பிரம்பு நுனி பிளந்துவிட்டது. கட்டப்பட்டவனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனால் அவன் அடிக்கிறவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரம்பு பத்தாதுங்க" என்று கிழிந்த சட்டைக்காரர் உள்ளே போய் ஓர் இரும்புக் கம்பியோடு வந்தார்.

பேய்விரட்டி பின்வாங்கினார். "ஐயையோ, உயிர் போயிடும். உயிரோட தர்றேன்னு அந்தப் பொண்ணுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்."

"கூடப் பொறந்தவன்ங்க. உங்களைவிட எனக்குத்தானே வலிக்கும்? ஒரே ஒரு தடவை. அப்புறம் அவன் நிம்மதியா தூங்குவான், நீங்களும் வீட்டுக்குப் போகலாம். உங்க கைராசியை நம்பித்தான் இந்தக் குடும்பமே இருக்கு."

என்ன கனிவான குரல்! கம்பி எப்போது தன் கைக்கு வந்தது என்றே பேய்விரட்டிக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வீசினார். ஏதோ முறிந்தது. நாற்காலி பக்கவாட்டில் சாய்ந்து, தலை தரையில் மோதியது. கட்டியிருந்த கால் இரண்டு தடவை உதறிவிட்டு நின்றது.

"போயிடுச்சு" என்றார் பேய்விரட்டி, மூச்சு வாங்க.

"ஆமாங்க, நல்லபடியா முடிஞ்சுது" என்று கிழிந்த சட்டைக்காரர் ஒரு துண்டை எடுத்து அவர் முகத்தில் தெறித்திருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டார்.

அப்போது வெளிக்கதவு திறந்தது. கையில் கட்டுப் போட்ட ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். குரலை வைத்தே பேய்விரட்டி அவளைத் தெரிந்துகொண்டார். "ஐயா..." என்றுதான் சொல்லியிருந்தாள்.

"பயப்படாதேம்மா. பேய் ஓடிப்போச்சு. உன் வீட்டுக்காரர் அசந்து கிடக்கார், தண்ணி தெளிச்சா எழுந்துடுவார். இவரோட அண்ணன் மட்டும் கூட நிக்கலேன்னா என்னால தனியா முடிஞ்சிருக்காது."

அவள் நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. துண்டை அழகாக மடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடியே, சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்னால் நகர்ந்தாள்.

"ஐயா... இவர்தாங்க என் வீட்டுக்காரர்."