அகதிகளுக்குச் சாமைச் சோறு

மேனகா மறுபடியும் பொறுமையாக விளக்கினாள்.

“நாங்க அகதிங்க இல்லீங்க. அகதிங்களைப் படமா வரைஞ்சவங்க.”

“ஆமாஞ் சாமி,” என்று பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாயி பரிவோடு தலையாட்டினாள். “ஊடு வாசல் போனா யாருக்குத்தான் சொல்ல வாய் வரும்? மொதல்ல சாப்புடுங்க.”

சாமைச் சோற்றுக் குண்டாவை ஓவியங்களுக்கு நடுவே வைத்துவிட்டுப் போனாள்.

மலைமேல் செம்மேட்டுச் சமுதாயக் கூடத்தில் ‘வேரும் வழியும்’ கண்காட்சி. பெயரில் இரண்டு ‘உம்’ இருந்தால் தனிக் கனம் வந்துவிடுகிறது. ஊர்விட்டு ஊர் போகிறவர்களைப் பற்றி ஐந்து பேர் வரைந்த படங்கள். சென்னையில் பார்க்க வந்தவர்கள் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். இங்கே வந்தவர்களோ வரைந்தவர்களைப் பார்த்து ‘உச்’ கொட்டினார்கள்.

கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. வந்த அன்றே மழையில் மலைப்பாதை சரிந்து, அரிசி பருப்போடு கிளம்பிய சமையல்காரர் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலேயே நின்றுவிட்டார். அன்று மாலை, “சோத்துக்கு என்னங்க பண்ணுவீங்க?” என்று கண்ணாயி கேட்டபோது, “எல்லாம் இருக்குங்க” என்று மேனகா கௌரவமாகச் சொல்லிவிட்டாள். இருந்தது ஒரு பிஸ்கட் பாக்கெட்.

மறுநாள் கண்ணாயி சோற்றோடு வந்தபோதுதான் இந்த அகதிக் கதை ஆரம்பித்தது. ஐவரில் ஒருவனான சபரீஷின் தாடியும் கிழிந்த ஜீன்ஸும் வேறு சாட்சி சொல்லின.

“வெள்ளந்தி ஜனங்க. படத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியலை பாவம்,” என்று சிரித்தபடி சபரீஷ் அடுத்த கவளத்தை உருட்டினான். மற்றவர்களும் சிரித்தார்கள். அகதிகளுக்குப் பசி நன்றாகவே எடுத்தது.

மேனகாவால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. இந்த மலையில் ஒருவருக்காவது தன் படம் புரிய வேண்டும் என்று அடம்பிடித்து எல்லோரையும் இழுத்து வந்தவள் அவள்தான்.

கழுவிய குண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கூடத்தின் பின்பக்க ஜன்னலருகே கண்ணாயி தன் தம்பி ராசப்பனுக்கு உள்ளே இருந்த படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொம்பள தலையில மூட்டை இருக்குதில்ல, அதுக்குள்ள கதவு ஒண்ணு எட்டிப் பாக்குது பாரு. ஊட்டை விட்டுட்டு வரல, ஊட்டையே சுமந்துக்கிட்டுப் போறா. நம்ம மேனகாப் புள்ள வரைஞ்சது.”

மேனகா குண்டாவோடு சுவரோரம் ஒதுங்கினாள்.

“அப்ப இவங்க அகதிங்க இல்லியாக்கா?”

“மெல்லப் பேசுடா. நாம ஏமாந்துட்டோம்னு நெனச்சாத்தான் சிரிச்சுக்கிட்டே சாப்புடுதுங்க. தெரியும்னு சொன்னா, வெக்கப்பட்டுக்கிட்டுப் பட்டினி கெடக்கும்.”