எழுபது பாகம்

அஸ்லாக் கொண்டுவந்த ஹாலிபட் மீனின் வால், போர்கில்டின் சமையலறை மேசையைத் தாண்டித் தொங்கியது.

“மறுபடியுமா? போன வருஷம் வரைக்கும் உன் தூண்டிலைப் பார்த்து மீனெல்லாம் சிரிச்சுக்கிட்டுப் போகும். இப்ப எந்தப் பேயைப்பா வேலைக்கு வச்சிருக்கே?”

அஸ்லாக் சிரிக்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாமல், சுவரில் இருபது வயதோடு நின்றுவிட்ட அவள் மகன் எய்வின்டின் படத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன குளிர்காலத்தில்தான் போர்கில்ட், இறந்துபோன தன் கணவர் அன்ஃபினின் நோட்டை அவனிடம் கொண்டுவந்தாள். ஊர் வரலாற்றுச் சங்கத்தில் பழைய எழுத்துச் சுருக்கங்களும் அளவுகளும் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

அன்ஃபின் மீன் பிடித்த இடங்கள் அதில் இருந்தன. எந்தப் பாறைக்கு நேராக மாதாகோயில் கோபுரம் தெரிய வேண்டும், ஆறடிக்கு ஒரு பாகமாக எத்தனை பாகம் ஆழம், கடைசியில் மீனுக்கு ஓரெழுத்து. ஒரே ஒரு பக்கம் மட்டும் ‘எழுபது பாகம்’ என்பதோடு நின்றிருந்தது.

மீன் பெயரைக்கூட எழுதாத அளவுக்கு ரகசியமான இடம்! அஸ்லாக் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“அவ்வளவுதானா? வேற எதுவும் இல்லையா?” என்று அன்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

“அவ்வளவுதான்.”

அதன்பிறகு அவன் பிடித்த மீன் எதுவும் அவன் தொண்டையில் இறங்கவில்லை. பாதியை அவளுக்கே கொடுத்துப் பார்த்தான். அப்போதும் உறுத்தல் போகவில்லை.

இன்று சொல்லிவிடுவதென்றே வந்திருந்தான். வெண்ணெயில் வாட்டிய துண்டை அவள் வாய்க்குக் கொண்டுபோனபோது, கிழித்த தாளை எடுத்து மேசையில் வைத்தான்.

“நான் திருடன், போர்கில்ட். நீங்க சாப்பிட்ட மீனெல்லாம் அன்ஃபினோட இடத்துல பிடிச்சது. உங்ககிட்டயிருந்து மறைச்சிட்டேன்.”

அவள் திட்டவில்லை. தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

“இதுல என்ன மீன்னு போட்டிருக்காரு?”

“மீன் பேரே போடல. வெறும் எழுபது பாகம்.”

கையிலிருந்த முள்கரண்டியை அவள் மெல்லக் கீழே வைத்தாள். தட்டைத் தள்ளினாள்.

“‘அந்த இடத்தையும் நோட்டுல குறிச்சிருக்கேன்’னு சாகறப்ப சொன்னாரு.”

“எந்த இடத்தை?”

அவள் சுவரைப் பார்த்தாள்.

“எய்வின்ட் அங்கதான் இருக்கான்.”